என் கை நெஞ்சுக்குப் போனால்

கண்ணு, இதை நேரில் சொல்லத்தான் நினைத்தேன். நேற்று நீ வேலையிலிருந்து வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும் ஆரம்பித்தும் விட்டேன். "உன்னாண்ட ஒரு விஷயம் சொல்லணும்டி" என்றேன். நீ சட்டென்று போனைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா மா, மறுபடியும் வலிக்குதா?" என்று கேட்டாய். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வஞ்சிரம் எடுத்து வருகிறேன், குழம்பு வைக்கவா வறுக்கவா என்று எதையோ கேட்டு மழுப்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான், பிழை இருந்தால் சிரித்துக்கொள். நான் காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பிப் போன பிறகு உன் கண்ணில் படுகிற மாதிரி டிபன் டப்பாவின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். உன் மாமா படித்தாலும் சரி, தெருவே படித்தாலும் சரி, எனக்கு இனி மறைக்க எதுவும் இல்லை. நீ மட்டும் நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

முந்தாநாள் நீ மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே போனில் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, ஊறுகாய்க்கு வெயில் காட்ட வந்தவள் படியிலேயே நின்றுவிட்டேன். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கம்மிச் செலவில் ஊர் சுற்ற நினைப்பவர்களைக் கூட்டிப்போகிற அந்தக் குழு, உன்னை ஆறு மாதத்துக்கு வழிகாட்டியாகக் கூப்பிடுகிறது. தாய்லாந்துத் தீவுகள், போர்னியோ காடு, சிங்கப்பூர் என்று என்னென்னவோ சொன்னார்கள் போல, நீ ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாய். கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதிக்கொண்டே, லீவைச் சேர்த்துச் சேர்த்து நீ போய்வந்த இடங்களுக்கு இப்போது சம்பளம் கொடுத்தே கூப்பிடுகிறார்கள். நீயோ, "அம்மாக்கு ஹார்ட்டு பிராப்ளம் கீது, வுட்டுட்டு வர முடியாது" என்றாய். ஞாயிற்றுக்கிழமை வரை யோசித்துச் சொல் என்றிருக்கிறார்கள். "இதுல யோசிக்க இன்னா கீது" என்று சொல்லிவிட்டு என் புடவையைக் கொடியில் இழுத்து இழுத்து விரித்தாய்.

எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை, கண்ணு. இன்றைக்கும் இல்லை, போன வருடம் அந்தத் தீவில் நீ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றைக்கும் இல்லை. நான் நடித்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீ இப்போது என்ன நினைக்கிறாய் என்று தெரியவில்லை. கோபப்படு, அது நியாயம். ஆனால் எப்படி நடந்தது என்பதை என் வாயாலேயே தெரிந்துகொள்.

நீ முதன்முதலில் அந்தமான் கப்பலில் ஏறிப் போனபோது நான் தெருவில் என்ன சொன்னேன் தெரியுமா? ஆபீஸ் வேலையாக அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். பொண்ணு தனியாக, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கப்பலின் அடித்தட்டில் படுத்துத் தூங்கிப் போகிறாள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் அப்பா இருந்திருந்தால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பார். நீ திரும்பி வந்தபோது மூக்கெல்லாம் தோல் உரிந்து, தலை சிக்குப் பிடித்து, காசிமேட்டுப் பையன் போல நின்றாய். வாசலிலேயே உன்னைத் திட்டினேன். ஆனால் நீ சாப்பிட்டுக்கொண்டே பேசிய பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம் குழம்புக் கரண்டியோடு நின்றேனோ. அடுத்த பயணத்துக்கும் நான் திட்டினேன், அடுத்ததற்கும் திட்டினேன். ஒவ்வொரு தடவையும் நீ கதை சொல்லக் காத்துக்கொண்டும் இருந்தேன். அதைப் புரிந்துகொண்டுதான் போன வருடம், "நீயும் வா மா, நான் இட்டுகினு போறேன்" என்றாய்.

அந்தப் பயணத்தில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லவே இல்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி ஏர்போர்ட்டில் இறங்கும் வரை ஜன்னலை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. கோலாலம்பூரில் அந்த விடுதியில், ரயில் பெட்டி மாதிரி மேலும் கீழுமாகக் கட்டில் போட்ட அறையில், எனக்குக் கீழ்க்கட்டில் கொடுத்துவிட்டு நீ மேலே ஏறிக்கொண்டாய். நான் நெத்திலிக் கருவாட்டைப் பையில் மறைத்துக் கொண்டுவந்தது அங்கேதான் உனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரப் பெண் மூக்கைச் சுருக்கினாள், நீ என்னை முறைத்தாய். அன்று சாயங்காலமே விடுதி அடுப்படியில் அதை வறுத்து வெறும் சோற்றோடு வைத்தபோது அந்தப் பெண்தான் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். மறுநாள் அங்கே மீன் மார்க்கெட்டில் எனக்கு ஒரு வார்த்தை பாஷை தெரியாமல், செவுளைத் தூக்கிக் காட்டி, கண்ணைத் தொட்டுக் காட்டி, பாதி விலைக்கு வாங்கினேன். நீ தள்ளி நின்று சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தாய். அந்தப் பெரிய கட்டடங்களுக்கு நடுவில் ரயில் மாறி மாறிப் போனபோது என் கையை நீ விடவே இல்லை. சின்னப் பிள்ளையில் பாரிமுனையில் நான் உன்னை அப்படித்தான் இழுத்துக்கொண்டு போவேன்.

காட்டுக்குள்ளும் எனக்குப் பிடித்திருந்தது. அட்டை கடித்து என் கணுக்கால் எல்லாம் ரத்தம் வழிந்தபோது நீ பயந்து, திரும்பிப் போகலாம் என்றாய். நான்தான் உப்பைத் தடவிக்கொண்டு நடந்தேன். "பாரு, உன்னைவிட எங்கம்மா ஸ்ட்ராங்கு" என்று வழியில் வந்த யாரோ ஒரு பையனிடம் நீ பெருமை அடித்தாய். அவனுக்குத் தமிழ் தெரியாது, தலையை ஆட்டினான். அந்த மழை, மரத்திலிருந்து மரத்துக்குக் கட்டிய கயிற்றுப் பாலம், ஈரத் துணியோடு தூங்கியது, எதையும் நான் மறக்கவில்லை. உன்னோடு இருந்த அந்த நாட்களில் நான் யாருக்கும் விதவை இல்லை, மீன்காரி இல்லை. உன் கூடவே நடக்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

அப்புறம் தீவு. படகுத்துறையில் போய் நின்றதும் என் கால் அப்படியே நின்றுவிட்டது. நீ கீழே படகில் குதித்து இறங்கிக் கையை நீட்டினாய். "யம்மா, இன்னா பாத்துகினு நிக்கிற, கைய குடு. கடலாண்ட பொறந்தவ நீ, பயந்தா எப்டி?" என்றாய். நான் தண்ணீருக்குப் பயப்படவில்லை. நம் வீட்டில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. என் அம்மா வைத்ததில்லை, நானும் வைத்ததில்லை. ஏலத்தில் கத்துவோம், கூடை சுமப்போம், ஐஸ் உடைப்போம், படகு கரைக்கு வந்தால் கயிற்றைக்கூடப் பிடித்து இழுப்போம். உள்ளே மட்டும் ஏற மாட்டோம். ஏறினால் கடலுக்குப் போன ஆளுக்கு ஆகாது. எழுதி வைத்த சட்டம் கிடையாது, யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவும் இல்லை. நீ பள்ளிக்கூடம், காலேஜ் என்று வளர்ந்தாய், உனக்கு நான் அதைச் சொல்லவே இல்லை. அந்தமான் கப்பலில் நீ போனபோதுகூட, கப்பல் வேறே படகு வேறே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு என் தம்பி, உன் மாமா, கடலுக்குப் போயிருந்தான். அது தெரிந்தும் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

ஏறிய பிறகு என்ன நடந்தது தெரியுமா? நீ முன்னால் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பின்னால் திரும்பிக் கரையைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கரையில் நின்று கடலைப் பார்த்தவள் நான். என் அப்பாவுக்காகவும், உன் அப்பாவுக்காகவும், தம்பிக்காகவும் கண் பூத்துப் போகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் அங்கிருந்து என்ன பார்த்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மரம், வீடு, ஆள் எல்லாம் சிறுசாகி, ஒரு கோடாகி, அப்புறம் இல்லாமல் போனது. உன் அப்பா ஒவ்வொரு நாளும் என்னை இப்படித்தான் விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்கச் சத்தம் போட்டுச் சிரித்தேன். நீ திரும்பிப் பார்த்து, "அப்டிப் போடு" என்றாய்.

அன்று சாயங்காலம் நீ குளிக்கப் போயிருந்தபோது உன் அத்தை போன் பண்ணினாள். உன் மாமாவின் ஃபைபர் படகு எண்ணூருக்கு நேரே நடுக்கடலில் இன்ஜின் நின்று, மத்தியானம் வரை அலைந்துகொண்டிருந்ததாம். வேறொரு படகு பார்த்துக் கட்டி இழுத்து வந்து சேர்த்தார்கள், ஆள் நல்லபடியாக இருக்கிறான், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான் என்றாள். எப்போது நின்றது என்று கேட்டேன். காலையில் என்றாள். நான் படகில் ஏறியதும் காலையில்தான். நான் சிரித்த நேரத்தில் அவன் தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடந்திருக்கிறான். நீ குளித்துவிட்டு வந்து, இன்னும் மூன்று தீவு பாக்கி, நாளைக்கு இந்தப் படகு, நாளை மறுநாள் அந்தப் படகு என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாய். இனி ஒவ்வொரு படகாக ஏற வேண்டும் என்ற நினைப்பே என்னைக் கொன்றது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். "மாமாதான் வந்துட்டாரில்ல, அப்புறம் இன்னா" என்று நீ சிரிப்பாய், காலேஜ் படித்த சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்து, கையை எடுத்து நெஞ்சில் வைத்து, "என்னமோ பண்ணுது கண்ணு" என்றேன்.

உன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஈரத் தலையோடு, செருப்புகூடப் போடாமல் டாக்டரைத் தேடி மணலில் ஓடினாய். தீவில் டாக்டர் இல்லை. கெஞ்சி ஒரு படகைப் பிடித்தாய். எந்தப் படகுக்குப் பயந்து பொய் சொன்னேனோ அதிலேயே மறுபடியும் ஏறினேன். இரண்டு பையையும் நீயே தூக்கிப் படகில் போட்டுவிட்டு, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒன்னுமில்ல மா, ஒன்னுமில்ல மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். உன் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. நோயாளி என்பதால் நான் கண்ணை மூடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. கரை நம்மை நோக்கி எப்படி வரும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.

ஊருக்கு வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றும் தெரியவில்லை, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். நீ விடவில்லை. "அப்புறம் எதுக்கு சார் வலி வந்துச்சு?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்ததில், அவர் தொல்லை தாங்காமல் ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அங்கேயே அந்தப் பொய் முடிந்திருக்க வேண்டும். டாக்டரே எனக்கு வழி விட்டுக் கொடுத்தார், நான்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். தீவில் சொன்ன பொய்யை நீ மன்னித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். பயத்தில் சொன்னது, தம்பி மேல் இருந்த பாசத்தில் சொன்னது. ஆனால் தை மாதம் நீ சிநேகிதிகளோடு வியட்நாம் போகப் பையை எடுத்துத் தட்டினாயே, அப்போது என் கை ஏன் நெஞ்சுக்குப் போனது? நான் எந்தப் படகிலும் ஏறப்போவதில்லை. உன் மாமாவுக்கும் ஒரு ஆபத்தும் இல்லை. நீ போகக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். நீ போனால் இந்த வீட்டில் டிவியும் நானும் மட்டும். வலிக்கிறது என்று சொன்னதும் நீ பையைக் கீழே போட்டுவிட்டு வந்து காலைப் பிடித்துவிட்டாய். கஞ்சி வைத்து ஊதி ஊதிக் கொடுத்தாய். ஆபீஸுக்கு லீவு போட்டு என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாய். எனக்கு நன்றாக இருந்தது. அதைத்தான் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு நீ ஊர் பேரைச் சொன்னாலே என் கை தானாக மேலே போக ஆரம்பித்தது. நீயும் ஊர் பேரைச் சொல்வதை நிறுத்திக்கொண்டாய். பரணில் ஏற்றிய உன் பையில் பழைய போர்வையைத் திணித்து வைத்தாய். அதைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்தேன்.

மாடியில் உன் பேச்சைக் கேட்ட பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. கடற்கரையில் உன் மாமா வலை பிரித்துக்கொண்டிருந்தான், நேரே அவனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் படகில் ஏறியதிலிருந்து. அவனும் பதறிப்போவான் என்று நினைத்தேன். அவன் வலையைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தான்.

"உன் காலு அங்க பட்டு என் இன்ஜினு இங்க நின்னுச்சா? கா, அது சித்திரைலேர்ந்தே சூடாயி சூடாயி நின்னுகினுதான் கீது. ரிப்பேரு பண்ணாம ஓட்டுனது நான். உன் கால்ல அம்மாம் பவர் கீதுன்னா எண்ணூருல கம்பெனி வுடற கலீஜு தண்ணில கால வெய்யி, அதாவது நிக்குதா பாப்போம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவனும் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்துச்சு தெரியுமா?" என்றான். நீ எங்கேயோ முதலுதவி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து அவனுக்கும் சொல்லிக் கொடுத்தாயாமே. "தலகாணிய கீழ வெச்சி, நெஞ்ச எப்டி அமுக்கறது, எத்தினி வாட்டி அமுக்கறதுன்னு காட்டுச்சு கா. நான் ஆபீஸ்ல இருக்கசொல்ல அம்மாக்கு எதுனா ஆச்சுன்னா நீதான் மாமான்னு சொல்லி என் கையப் புட்சிகினு அழுதுச்சு. அத்தப் போயி நீ ஏமாத்திகினு..." என்று சொல்லிவிட்டு மறுபடியும் வலையை எடுத்துக்கொண்டான். அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். வரும் வழியெல்லாம் அந்தத் தலையணையே கண் முன்னால் நின்றது. எனக்கு வராத ஒரு நோய்க்கு நீ மண்டிபோட்டுப் பாடம் படித்திருக்கிறாய்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், பத்தவில்லை. நீ மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களுக்குப் போன் பண்ணிவிடு, அது போதும். பரணிலிருந்து பையை இறக்கிவிட்டேன். போர்வையை எடுத்துவிட்டுத் துவைத்துக் காயவைத்தாயிற்று. தோள்பட்டை வார் பிய்ந்திருந்தது, உன் மாமா வலை நரம்பால் தைத்துக் கொடுத்தான், இனி பை கிழிந்தாலும் அந்த வார் கிழியாது. போகிற இடத்தில் பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே. பசிக்கும்போது சாப்பிடு, மிச்சம் பிடிக்கிறேன் என்று பன்னைத் தின்றுவிட்டுப் படுக்காதே. கருவாடு வைக்கிறேன், இந்தத் தடவை நன்றாகச் சுற்றி வைக்கிறேன். உன்னோடு வருகிறவர்களில் என் வயசுப் பொம்பளை யாராவது படகுத்துறையில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுத்துவிடாதே, என்ன விஷயம் என்று கேள். அவள் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. உனக்கும் ஒரு நாள் பிள்ளை பிறந்து, அது உன்னை விட்டுத் தூரமாகப் போக நின்றால், எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று அதனிடம் வாய் திறந்து சொல்லிவிடு. நான் அதைச் சொல்லியிருந்தால் போதும், இத்தனையும் நடந்திருக்காது. இப்போது சொல்கிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நீ போ.

நிஜமாகவே ஒரு நாள் எனக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். உன் மாமா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். நெஞ்சை எப்படி அமுக்குவது என்று அவனுக்குத் தெரியும், நீதானே சொல்லிக் கொடுத்தாய்.

நீ கிளம்பும் நாளில் விம்கோ நகர் ஸ்டேஷன் வரை வருகிறேன். அதற்கு மேல் வர மாட்டேன். ரயில் வந்ததும் ஏறிக்கொள். கதவு மூடுவதற்கு முன்னால் நீ திரும்பிப் பார்ப்பாய், உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா. அப்போது என் கை நெஞ்சுக்குப் போகும். வேண்டாம் என்றுதான் நிற்பேன், ஆனாலும் போகும். நம்பாதே, கண்ணு. இறங்கிவிடாதே.